முகம் தெரியாத ஷாட்

டைரக்டர்: இன்னும் கொஞ்சம் விம்முங்கம்மா. அடிவயித்துலேர்ந்து வரணும்.

டப்பிங்கம்மா: வந்தாச்சு சார். காலையிலேர்ந்து விம்மி விம்மி அடிவயிறே காலி.

டைரக்டர்: கடைசி சீன். தியேட்டர்ல ஒரு கண்ணும் காய்ஞ்சிருக்கக் கூடாது. எங்க... "நான் பாவிடா கண்ணா. உன்னைத் தவிக்கவிட்டுட்டுப் பாட்டுப் பாடப் போன பாவி. என்னை மன்னிச்சிடுடா..."

டப்பிங்கம்மா: "நான் பா..." முடியல சார்.

டைரக்டர்: தண்ணி குடிங்க.

டப்பிங்கம்மா: தொண்டை நல்லாத்தான் இருக்கு. வசனம்தான் இறங்கல.

டைரக்டர்: என்னம்மா புதுசா... எத்தனை படத்துல அம்மாவா அழுதிருக்கீங்க!

டப்பிங்கம்மா: அழுதேன். பட்டினி கிடந்து அழுதேன். மழையில நின்னு அழுதேன். மருமக முறைச்சான்னு ஒரு ரீல் முழுக்க அழுதேன். ஒரு படத்துலயாவது அந்த அம்மாவைப் பசிச்சு, உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட விட்டீங்களா?

சவுண்ட் இன்ஜினியர்: க்கும்...

டைரக்டர்: அங்க என்னம்மா சிரிப்பு?

சவுண்ட் இன்ஜினியர்: இருமல் சார்.

டைரக்டர்: இருமலா... சரி. அம்மா, தாய்னா தியாகம். அதைப் பார்க்கத்தான் ஜனங்க வர்றாங்க.

டப்பிங்கம்மா: இந்தப் படத்து அப்பாவும் வேலைக்குன்னு வெளியூர் போனவர்தானே? அவர் திரும்பி வந்தப்ப என்ன வச்சீங்க?

டைரக்டர்: அவருக்கு... ஸ்லோமோஷன்.

டப்பிங்கம்மா: இவ மட்டும் பையன் கால்ல விழணுமா?

டைரக்டர்: அவ அம்மா! பச்சப் புள்ளையைத் தங்கச்சிகிட்ட தள்ளிவிட்டுட்டுப் போனவ... எந்தப் புள்ளை மன்னிக்கும்? ஏம்மா சவுண்டு, நீயே சொல்லு. உங்கம்மா அப்படிப் போயிருந்தா?

சவுண்ட் இன்ஜினியர்: நான்... சவுண்டு லெவல் பார்த்துட்டிருக்கேன் சார்.

டப்பிங்கம்மா: அந்தப் பொண்ணை ஏன் சார் இழுக்கறீங்க?

டைரக்டர்: பார்த்தீங்களா, நழுவறா! இதோ பாருங்க, எழுதினதைப் பேசுங்க. இல்லையா, வெளிய இன்னொருத்தங்க உட்கார்ந்திருக்காங்க. அவங்க பேசுவாங்க. அப்புறம் என் படத்துல உங்க குரலே இருக்காது.

டப்பிங்கம்மா: ஒரு தடவை படத்தை ஓட்டச் சொல்லுங்க.

டைரக்டர்: ஓட்டும்மா.

டப்பிங்கம்மா: நிறுத்து, நிறுத்து. இங்க அவ வாய் எங்க சார்?

டைரக்டர்: எப்படித் தெரியும்? பையன் காலடியில முகத்தைப் புதைச்சிருக்கா. முதுகுதான்.

டப்பிங்கம்மா: அப்ப என்ன பேசினாலும் ஒட்டும்.

டைரக்டர்: என்ன... என்ன பண்ணப் போறீங்க?

டப்பிங்கம்மா: ரெக்கார்டிங் போடும்மா.

டைரக்டர்: போடாதே!

சவுண்ட் இன்ஜினியர்: ஓடுது சார்.

டப்பிங்கம்மா: "உன்னை விட்டுட்டுப் போனப்ப நெஞ்சே வெடிச்சுதுடா கண்ணா. ஆனாலும் போனேன். பாடாம இருந்திருந்தா நான் நானாவே இருந்திருக்க மாட்டேன். நீ திட்டு, கேட்டுக்கறேன். பாவின்னு மட்டும் சொல்லிக்க மாட்டேன். முட்டி வலிக்குதுடா... தூக்கி விடு. உட்கார்ந்து பேசுவோம்."

சவுண்ட் இன்ஜினியர்: அடுத்த ஷாட்ல பையன் தூக்கி விடறான் சார். கச்சிதமா உட்காருது.

டைரக்டர்: மன்னிச்சுத் தூக்கறான்மா அவன்!

டப்பிங்கம்மா: இப்ப முட்டி வலிக்குதேன்னு தூக்கறான். இப்பத்தான் சார் புள்ளை மாதிரி இருக்கான்.

டைரக்டர்: அழி அதை.

சவுண்ட் இன்ஜினியர்: மாட்டேன் சார்.

டைரக்டர்: என்னது? நேத்து வேலைக்கு வந்த பொண்ணு நீ! இவங்களுக்காக ஏன் இப்படித் துள்ளறே? யாரு இவங்க உனக்கு?

டப்பிங்கம்மா: வேணாம்மா... சொல்லக் கூடாதுன்னு பேசித்தானே வச்சிருக்கோம். சிபாரிசுல வந்தவன்னு உன்னைப் பேசுவாங்க...

சவுண்ட் இன்ஜினியர்: பேசட்டும். சார், உங்கம்மா அப்படிப் போயிருந்தான்னு கேட்டீங்கல்ல? போனாங்க. குரல் குடுக்கப் போறேன்னு என்னைச் சித்தி வீட்டுல விட்டுட்டு. கோபம் இன்னும் போகல, வீட்டுல சண்டை நடக்காத நாளில்ல. ஆனா என் கால்ல வந்து விழுன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல... அம்மா, நீ மைக்கை விட்டு நகராதே. சேஃப்டிக்கு இன்னொரு தடவை பேசு.