மாட்டு எண் இல்லாத பால்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, தொண்டை கட்டியிருந்தும் ஒலிபெருக்கியை விடாமல் பிடித்திருக்கும் எங்கள் ஆராய்ச்சி மாணவர் சங்கத் தலைவி ரொவீனா ஷூல்ட்ஸ் அவர்களே! கன்றுத் தொழுவத்திலிருந்து ரப்பர் காலணியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருக்கும் தோழர்களே! உருகாத பனியில் தள்ளுவண்டியை இழுத்தும் தூக்கியும் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே! வயிற்றுப் பிள்ளையோடு நின்றுகொண்டிருக்கும் சகோதரிகளே! (அந்த நாற்காலிகளை யாராவது அவர்களுக்குக் கொடுங்கள்... நன்றி.) தலை நரைத்தும் நெஞ்சு நரைக்காத மூத்த பேராசிரியர்களே! மூன்றாம் மாடிச் சன்னலில் திரையை இழுத்துவிட்டு, அதன் ஓரத்தை ஒரு விரலால் விலக்கி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தேர்வுக் குழுப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஜோலீன் காவலெக்கின் வணக்கம். சன்னலில் இருப்பவர்களுக்கு மட்டும் வணக்கத்தோடு என் கோபமும்!

எதற்காகக் கூடியிருக்கிறோம்? இன்னும் சற்று நேரத்தில் நம் தோழி மாரிட் ஹோல்ஸ்தாத் இந்தப் படிகளில் ஏறி, அந்த மூன்றாம் மாடி அறைக்குப் போகப்போகிறாள். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. இது அவளுடைய கடைசி வாய்ப்பு. இதில் தவறினால் நாளைக்கு அவளுக்கு ஆய்வுக்கூடம் இல்லை, உதவித்தொகை இல்லை, அவள் குழந்தைக்கு மருத்துவக் காப்பீடும் இல்லை. ஏற்கெனவே ஒரு முறை தோற்றவள் என்று அவள் பெயருக்கு நேரே எழுதிவைத்திருக்கிறார்கள். எப்படித் தோற்றாள்? பதில் தெரியாமல் தோற்றாளா? படிக்காமல் தோற்றாளா? பிள்ளை பெற்றுத் தோற்றாள், ஐயா! பிள்ளை பெற்றுத் தோற்றாள்!

தேர்வன்று காலையில், மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்னதாகவே அவளுக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே தேர்வுக் குழுத் தலைவர் லிண்ட்குவிஸ்டைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள்.

"சார், வலி வந்துருச்சு. இன்னைக்கு என்னால வர முடியாது."

"அடடே, ரொம்ப சந்தோஷம் மாரிட்! உடம்பைப் பாத்துக்கோ. ஆனா நீ வரலைன்னுதானே நான் எழுதணும்?"

"சார், நான் பிரசவ வார்டுல இருக்கேன்."

"புரியுதும்மா. ஆனா வரலைன்னா தோல்வின்னுதான் விதியில இருக்கு. ஏன் வரலைன்னு எழுத அதுல இடமே விடலையே!"

இடம் விடவில்லையாம்! ஒரு உயிர் இந்த உலகத்துக்குள் வருவதற்கு உங்கள் விதியில் ஒரு வரி இடம் இல்லையாம்! இதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா, இல்லை செருப்பைக் கழற்றுவதா? வேண்டாம், தம்பி, நீ போட்டுக்கொள், தரை குளிர்கிறது. நான் பேச்சுக்குச் சொன்னேன்.

அதற்கு முன்பு நடந்ததையும் கேளுங்கள். ஏழாம் மாதத்தில் மாரிட் விடுப்புக் கேட்டுப் போனாள். நானும் துணைக்குப் போனேன். ஊழியர் அலுவலகத்தில் ஒரு அம்மையார் தலையைச் சாய்த்துப் புன்னகை செய்தார்.

"பேறுகால விடுப்பு ஊழியர்களுக்குத்தான் கண்ணு. நீ மாணவி ஆச்சே."

எதிர்ப்பக்கக் கதவுதான் மாணவர் நல அலுவலகம். அங்கே போனோம். அங்கே இருந்தவரும் தலையைச் சாய்த்துப் புன்னகை செய்தார்.

"நீ மாசாமாசம் சம்பளம் வாங்குறியேம்மா. அப்ப நீ ஊழியர். எதிர்க் கதவைத் தட்டிப் பாரு."

இங்கே போனால் அங்கே, அங்கே போனால் இங்கே! வகுப்பெடுக்கச் சொல்லும்போது நாங்கள் ஊழியர். விடைத்தாள் திருத்தச் சொல்லும்போது ஊழியர். ஞாயிற்றுக்கிழமை தொழுவத்துக்கு ஓடச் சொல்லும்போது ஊழியரிலும் ஊழியர். உடம்புக்கு ஓய்வு கேட்ட அந்த ஒரு நொடியில் மட்டும் நாங்கள் மாணவர்! அந்த நடைபாதையின் நடுவில் மாரிட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஜோலீன், இந்த ரெண்டு கதவுக்கும் நடுவுலதான் நான் பெத்துக்கணும் போல" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

இதே பால்வளத் துறையில், இதே கட்டடத்துக்குப் பின்னால், இன்னொருத்தி சினையாக இருந்தாள். அவள் பெயர் பெட்டூனியா. வெள்ளையும் கறுப்புமாக அழகான பசு. ஈனுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே பெட்டூனியாவுக்குக் கறவையை நிறுத்திவிட்டார்கள். முழு ஓய்வு! தனித் தீவனம்! நாள் நெருங்கியதும் புது வைக்கோல் பரப்பிய தனி அறை! அந்த அறைக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது. "இங்கே ஒரு தாய் இருக்கிறாள், சத்தம் போடாதீர்கள்" என்று வண்ணத்தில் எழுதிய பலகை. எழுதியது யார் தெரியுமா? நிறைமாத வயிற்றோடு முட்டி போட்டு உட்கார்ந்து எழுதியவள் மாரிட்!

அந்த வாயில்லாச் சீவனுக்குக் கொடுத்ததைப் பறிக்கச் சொல்லவில்லை, தோழர்களே. நன்றாக இருக்கட்டும் பெட்டூனியா. இந்தப் பல்கலைக்கழகத்தில் மாட்டுக்குத் தெரிந்த மரியாதை மனுஷிக்கு ஏன் தெரியவில்லை என்றுதான் கேட்கிறேன். என்ன சொல்கிறீர்கள் அங்கே? கன்றைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்களா? ஆமாம், பிரிக்கிறார்கள். பசுவுக்குக் கிடைப்பதில் அந்த ஒன்றை மட்டும்தான் எங்களுக்கும் கொடுக்கப் பார்க்கிறார்கள்!

மாரிட் என்ன ஆராய்கிறாள் என்பதையும் சொல்லவேண்டும். சீம்பால்! ஈன்றதும் சுரக்கும் முதல் பால் கன்றை நோயிலிருந்து எப்படிக் காக்கிறது என்பதுதான் அவளது ஆய்வு. தாய்ப்பாலின் பெருமையை உலகுக்குச் சொல்லும் கட்டுரை அவளுடையது. அந்தக் கட்டுரையை மேடைக்கு மேடை காட்டிப் பெருமை தேடிக்கொண்டது இந்தத் துறை. அப்படிப்பட்டவள் தன் பாலைப் பிழிந்தெடுக்க இந்தக் கட்டடத்தில் ஓர் அறை உண்டா? கிடையாது! ஏரிக்கரையில், நிர்வாக மாளிகையின் நிலவறையில், ஓர் அறை இருக்கிறதாம். சாவி காவலரிடம். காவலர் சாப்பிடப் போயிருப்பார். விஸ்கான்சின் பனிக்காற்றில், மார்பு கட்டிக்கொண்டு வலிக்க வலிக்க, அங்கே போய் வரவேண்டுமாம். அதனால் அவள் எங்கள் துடைப்ப அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுத்தாள். ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் வைத்தாள். புட்டி மேல் தன் பெயரையும் தேதியையும் அழகாக எழுதி ஒட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை குளிர்பெட்டியைச் சுத்தம் செய்தார்கள். மாலையில் மாரிட் திறந்து பார்க்கிறாள். புட்டிகள் இல்லை! பாதுகாப்பு அதிகாரி ரோஜரிடம் ஓடினாள்.

"ரோஜர், என் பாலைப் பாத்தீங்களா?"

"ஓ, அதுவா? எடுத்து ஆபத்தான கழிவுப் பையில போட்டு, கொதிகலன்ல வேகவெச்சு அனுப்பியாச்சு."

"என் பேரு எழுதியிருந்துச்சே!"

"பேரு இருந்துச்சும்மா. மாட்டு நம்பர் இல்லையே? இந்தப் பெட்டியில இருக்குற ஒவ்வொரு பாலுக்கும் மாட்டு நம்பர் வேணும். எந்த மாட்டுதுன்னு தெரியாத பாலை நான் எப்படி வெச்சிருக்க முடியும்?"

"அந்த மாடு நான்தான், ரோஜர்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் முதலில் சிரித்தேன். ஆனால் அவள் அந்தக் குளிர்பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுததைப் பார்த்திருந்தால் உங்கள் வாய் தானாக மூடியிருக்கும். துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவே துளித் துளியாகச் சேர்த்த பால் அது. பிள்ளையின் பசிக்கென்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த பால் அது. பெட்டூனியாவின் பால் அதே பெட்டியில் பத்திரமாக இருந்தது. தாயின் பால் மட்டும் கழிவு! ஆபத்தான கழிவு! சீம்பாலை ஆராயும் துறையில், பால் மாநிலம் என்று வண்டி எண்பலகையிலேயே எழுதிக்கொண்டு திரியும் நம் மண்ணில், ஒரு தாயின் பாலுக்கு இதுதான் பெயரா? ரோஜர் பிற்பாடு மன்னிப்புக் கேட்டார். அதோ, பின்வரிசையில் நிற்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மாட்டுக்கு எண் கொடுத்து மனுஷியை மறந்த விதியின் மேல்தான் என் கோபமெல்லாம்!

அடுத்தது இன்றைய தேர்வு. நம் துறையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தேர்வுக்கு வருபவர்தான் குழுவுக்குப் பலகாரம் கொண்டுவரவேண்டும். விதியில் இல்லை, ஆனால் விதியை மறந்தாலும் இதை யாரும் மறந்ததில்லை. கேள்வி கேட்டுக் களைத்த பெருமக்கள் நடுவில் இடைவேளை விட்டு, கூடையைத் திறந்து, காப்பியோடு சாப்பிடுவார்கள். மாணவர் கரும்பலகை ஓரமாக நின்றுகொண்டிருப்பார். மாரிட் போன வாரம் லிண்ட்குவிஸ்டிடம் போய் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன், காதால் கேட்டேன்.

"சார், தேர்வு சாயங்காலம் வரைக்கும் போகும். நடுவுல கொஞ்ச நேரம் கீழ போய்ப் பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு வந்துடறேன். எங்க வீட்டுக்காரர் வாசல்லயே வெச்சிருப்பார்."

"வெளிய போனா தேர்வு முடிஞ்சதுன்னு அர்த்தம், மாரிட். போற வழியில யார்கிட்டயாவது விடை கேட்டுட்டு வந்தா?"

"யார்கிட்ட சார் கேப்பேன்? அவளுக்கு மூணு மாசம்தான் ஆகுது!"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"அப்ப அவரை அந்த நேரத்துல பாப்பாவோட மேல வரச் சொல்லட்டுமா?"

"வெளியாளுங்களுக்கு அனுமதி கிடையாது. அப்புறம், கூடையில பாதாம் வெச்சது ஏதாவது இருந்தா நல்லாயிருக்கும். சரி சரி, என்ன கொண்டு வர்றேன்னு இப்பவே சொல்லிடாத. ஆச்சரியமா இருக்கட்டும். கூடைக்குள்ள என்ன இருக்குன்னு நாங்க என்னைக்குமே கேட்டதில்ல."

கேட்டீர்களா, கேட்டீர்களா இந்தக் கொடுமையை! ஐந்து பேராசிரியர்களின் பசிக்கு இடைவேளை உண்டு. ஒரு பச்சிளம் பிள்ளையின் பசிக்கு இடைவேளை இல்லை! பாதாம் பலகாரத்துக்குக் கதவு திறக்கும். பால் குடிக்கும் குழந்தைக்குக் கதவு திறக்காது! பசி என்றால் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் பசியா?

நாங்கள் என்ன மலையையா கேட்கிறோம்? கட்டடத்துக்கு ஒரு அறை, உள்ளே தாழ்ப்பாளோடு. பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, இரண்டு கதவுகளுக்கு நடுவே அலையவிடாமல். பிரசவத்தைத் தோல்வி என்று எழுதாத ஒரு விதி. வயிற்றுப் பிள்ளைக்காரியை மருந்து வாடை அடிக்கும் ஆய்வுக்கூடத்தில் நிற்கவைக்காத மனசு. தொழுவத்தில் வேலை இருக்கும் நேரமெல்லாம் திறந்திருக்கும் ஒரு குழந்தைக் காப்பகம். தகப்பன்மாருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்! சலுகை என்று சொல்லாதீர்கள். சலுகை என்பது நீங்கள் விரும்பினால் கொடுப்பது. இது எங்களுக்கு வரவேண்டியது. இதற்காக இனி ஒருத்திகூட உங்கள் அலுவலக வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கமாட்டாள். ஊழியர் என்றால் ஊழியருக்குரியதைக் கொடு! மாணவர் என்றால் மாணவருக்குரியதைக் கொடு! இரண்டும் நாங்கள்தான், அதனால் இரண்டையும் கொடு!

நான் பேச வந்ததிலிருந்து முன்வரிசையில் சிலர் கையைக் காட்டிக் காட்டிக் கேட்கிறீர்கள், டேரில் மடியில் இருக்கும் அந்தக் கூடையில் என்ன என்று. டேரில் மாரிட்டின் கணவர். பால் லாரி ஓட்டுபவர். லாரியை ஏரிச்சாலையில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். மாரிட், மேலே வாம்மா. அவளுக்கு வழி விடுங்கள். பாருங்கள் இவள் முகத்தை! பயந்திருக்கிறாளா? பயந்துதான் இருக்கிறாள். ஆனால் சீம்பாலைப் பற்றி இந்த நாட்டில் இவளைவிட அதிகம் தெரிந்தவர் அந்தச் சன்னலில் ஒருவரும் இல்லை. அது அவர்களுக்கும் தெரியும்.

லிண்ட்குவிஸ்ட் அவர்களே! அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்றீர்கள். போகமாட்டாள். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்றீர்கள். டேரில் இந்தப் படியைத் தாண்டமாட்டார். கூடை வரலாம் என்றீர்கள். வருகிறது! கூடைக்குள் என்ன என்று என்றைக்குமே கேட்டதில்லை என்றீர்கள். இன்றைக்கும் கேட்காதீர்கள்! ஆச்சரியமாக இருக்கட்டும் என்றீர்கள், ஐயா. இருக்கும்!

டேரில், கூடையை அவளிடம் கொடுங்கள். மெதுவாக... கழுத்துப் பக்கம் போர்வையைச் சரிசெய்யுங்கள். தோழர்களே, இவள்தான் சிக்னே. சிக்னே ஹோல்ஸ்தாத், மூன்று மாதம். பாதாம் இல்லை, சர்க்கரை இல்லை. இன்றைக்கு இடைவேளை விடும்போது, பசித்தவர்கள் எல்லாரும் சாப்பிடுவார்கள். மாரிட் கரும்பலகை ஓரமாக நிற்கமாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து தன் பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். முடிந்தால் அவளைத் தடுத்துப் பாருங்கள். கீழே நாங்கள் நிற்கிறோம்.

வேண்டாம், வேண்டாம், கைதட்டாதீர்கள்! குழந்தை தூங்குகிறாள். இரண்டு பக்கமும் ஒதுங்கி, சத்தமில்லாமல் வழிவிடுங்கள். அந்தத் தள்ளுவண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். ரோஜர், கதவைத் திறந்து பிடியுங்கள்... உள்ளே போய்விட்டார்கள். அந்தத் திரையையும் பாருங்கள், இப்போது முழுசாகவே விலகிவிட்டது.

குளிரில் நின்று கேட்ட உங்கள் கால்களுக்கும், மேடை கொடுத்த தலைவிக்கும், தங்கள் பிள்ளைகளை இத்தனை நேரம் ஆட்டி ஆட்டி அமைதியாக வைத்திருந்த தாய் தந்தையர்க்கும் என் நன்றி. யாரும் கலைந்துபோக வேண்டாம். சற்று நேரத்தில் மேலே சிக்னே விழித்து, பசியில் வீறிட்டு அழுவாள். அந்தச் சத்தம் இந்த வாசல்வரை கேட்கும். அப்போது தட்டுங்கள் உங்கள் கைகளை, இந்தக் கட்டடத்தின் கண்ணாடியெல்லாம் அதிரும்படி! அதுவரை வணக்கம்.