செத்த கர்ணன் பேசிவிட்டான்

திருத்தணியில் ஏறிய அம்மையார்குப்பம் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் ஒரு கூத்து வாத்தியாரும் அவருடைய மத்தளக்காரரும் இருந்தார்கள். தானே ஆடிப் பார்த்துக் கூத்தை ஆராய வந்து, முந்தின இரவு கர்ணன் வேஷம் கட்டிய சென்னை மாணவர் அவர்களோடு இல்லை.

“செத்த பொணம் ஃபோன்ல பேசினா ஊர் சும்மா வுடுமா?” என்று வாத்தியார் கத்தினார்.

“யார்கிட்டயும் பேசலிங்க வாத்தியாரே. செத்துக் கெடக்கறப்ப மனசுல என்ன ஓடுதுன்னு ரெக்கார்டு பண்ணிகினு இருந்தாரு. அப்புறம்னா மறந்துடுமாம்.”

“பொம்பளைங்க சொந்த வூட்டு சாவாட்டம் மாரடிச்சி அழுதுகினு இருக்காங்க. இவன் மூஞ்சிய மூடின துண்டுக்குள்ள முணுமுணுக்கறான். கற்பூரம் காட்டி எழுப்பற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னியா, இல்லியா?”

“அசையக் கூடாதுன்னு சொன்னேங்க.”

“பொணம் பேசாதுன்னு அதத் தனியா வேற சொல்லணுமா? அரைகுறை சாவு ஊருக்கு ஆவாதாம். வெள்ளிக்கிழம கூலியில்லாம மறுபடி ஆடணுமாம்.”

மத்தளக்காரரின் ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டு, ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: “அவருதாங்க. ஊரு கோவிச்சிகினது ஆராய்ச்சிக்கு ரொம்ப முக்கியமாம். வெள்ளிக்கிழமையும் கர்ணனா வரட்டுமாங்கறாரு.”

“அப்ப இதையும் ரெக்கார்டு பண்ணிக்கச் சொல்லு. அவன் செத்த சாவுக்கு எங்களுக்கு ஆன செலவு இருபத்திரெண்டாயிரம் ரூபா.”