பதினெட்டு மாத அவகாசம்

உங்கள் அறையில் விளக்கு நன்றாக எரிகிறது, நீதிபதி அம்மா. இரண்டு மணி நேரமாகப் பார்க்கிறேன், ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை. யாரோ அக்கறையாக ஒயரிங் செய்திருக்கிறார். நாற்பத்தோரு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன். கென்ட் நகரத்து டிராம் கம்பி முழுவதும் என் கைபட்டது. அதை நீட்டிப் பிடித்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம், மிச்சத்தில் ஊரே துணி காயப்போடலாம்.

மூன்றாவது மாடியில் இருந்த என் வீட்டுக்கும் நானேதான் ஒயரிங் செய்தேன், 1979-இல். அந்த வேலையைப் பார்க்க ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். ஏழெட்டுப் பேராவது இருக்கும். சரி, ஒருவர் வந்தார்.

முழங்கால் படியேற மறுத்ததால் வீட்டை விற்றுவிட்டு ஒஸ்டெண்டில் லிஃப்ட் உள்ள கட்டடத்துக்குப் போக நினைத்தேன். விற்பதற்கு முன்னால் மின்சாரப் பரிசோதகர் வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த சட்டம். வந்தவர் கோபே என்ற இளைஞர். அவருக்குக் காபி கொடுத்தேன், பிஸ்கட்டும் வைத்தேன். குளியலறையில் கருவியை நீட்டியபடி வெகு நேரம் நின்றார்.

"மெனீர் ஓடிலோன், இந்த வெந்நீர் ஹீட்டர்ல கரண்ட் கசியுதுங்க. அதுக்கு எர்த்தும் இல்ல. பாதுகாப்பு சுவிட்சுல சேக்காம நேரா மெயின்லேர்ந்து கனெக்‌ஷன் குடுத்திருக்கு. இத யாரு பண்ணது?"

"தொழில் தெரிஞ்சவன்."

"தொழில் தெரிஞ்சவன் பண்ற வேலையா இது? நான் தேறாதுன்னுதான் எழுதணும். கோவிச்சுக்காதீங்க."

எழுதிவிட்டார். 'தகுதியில்லை' என்ற சொல்லுக்கு மேலே என் பெயர் இருந்தது.

அந்த சுவிட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொட்டாற்சிணுங்கி அது; கரண்ட் துளி கசிந்தாலும் விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடும். ஹீட்டரைப் போட்டால் உடனே விழுந்துவிடும். பக்கத்துத் தெருவில் யாராவது தும்மினாலும் விழும். அதனால்தான் ஹீட்டரை அதிலிருந்து பிரித்து வைத்திருந்தேன். இதில் குற்றம் எதுவும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டை வாங்க இருந்தவள் அனெலோர். ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை, இருபத்தொன்பது வயது. அறிக்கையைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இவ்வளவுதானா மெனீர்? மூஞ்சியப் பாத்து கூரையே இடிஞ்சிருச்சோன்னு பயந்துட்டேன். வாங்கினப்புறம் சரி பண்ண சட்டத்துல எனக்குப் பதினெட்டு மாசம் டைம் இருக்கு. எங்கண்ணன் ஸ்டெயின் எலக்ட்ரீஷியன். குடி வர்றதுக்கு முன்னாடியே ஒரு சனிக்கிழம வந்து எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா மாட்டிடுவான்."

"பிடுங்கிப் போடுவானா?"

"ஐயோ, பிடுங்கறதுன்னா அவனுக்கு அப்படி ஒரு இஷ்டம்."

நல்ல பெண். இதை நீங்கள் பதிவு செய்துகொள்ளுங்கள், அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. சட்டப்படி அந்த அறிக்கையோடேயே வீட்டைக் கொடுத்திருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். பெல்ஜியத்தில் முதல் தடவையே தேறிய பழைய வீடு ஒன்றோ இரண்டோ இருக்கும், அவற்றிலும் ஆள் குடியில்லை.

ஆனால் விஷயம் படிக்கட்டில் இறங்கிவிட்டது. முதல் மாடி கோடெலீவ, கையில் ரொட்டிப் பையோடு என்னை வழிமறித்தாள்.

"என்ன ஓடிலோன், டிராமுக்கே கரண்ட் குடுத்த ஆளு, சொந்த வீட்டுல ஃபெயிலாமே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? பேக்கரி வரிசை பூரா இதே பேச்சுதான். இனிமே உன் வீட்டு அழைப்புமணிய நான் கையுறை போட்டுக்கிட்டுத்தான் அமுக்குவேன், ஆமா."

பேக்கரி வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றிருப்பார்கள். எனக்குப் பன்னிரண்டாயிரம் பேர் போலக் கேட்டது.

அறிக்கையை எதிர்த்துப் பரிசோதனை நிறுவனத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினேன். அந்த இளைஞரின் கருவியைச் சந்தேகித்தேன், கண்ணைச் சந்தேகித்தேன், அவர் படித்த பள்ளியைச் சந்தேகித்தேன். மறுபரிசோதனைக்கு அதே கோபேயை அனுப்புவதாகப் பதில் வந்தது. ஆகவே வேறொரு நிறுவனத்தைக் கூப்பிட்டேன்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் ஹீட்டரைக் கழற்றி நிலவறையில் வைத்தேன். சுவரில் அது இருந்த இடத்தில் துண்டு மாட்டும் பலகையை அடித்தேன். மெயின் பெட்டியிலிருந்து வந்த கம்பியை எடுத்துவிட்டேன். வந்தவர் ரெமி என்ற பெரியவர், ஓய்வுபெற நாலு மாதம் பாக்கி. ஹீட்டர் இல்லாத வீட்டில் கசிய என்ன இருக்கிறது? "சுத்தமான வேலைங்க, இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதெல்லாம் வராது" என்றார். 'தகுதியுள்ளது' என்று எழுதி, பாதுகாப்பு சுவிட்சை யாரும் திறக்காதபடி ஈய முத்திரை வைத்தார். அறிக்கையைப் படி எடுத்துக் கோடெலீவயின் கதவடியில் தள்ளினேன்.

மறுநாள் ஹீட்டரைத் திரும்ப மாட்டினேன். விற்பனை ஒப்பந்தத்தில் ஹீட்டர் உண்டு, அது இல்லாவிட்டால் கேள்வி வரும். புதிது வாங்கினால் பழையது கெட்டது என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். சுவிட்சோடு சேர்த்தால் விழும். எனவே முன்பு போலவே மெயினிலிருந்து நேராகக் கொடுத்தேன், இந்த முறை சுவருக்குள் கம்பியைப் புதைத்துப் பூசி, வண்ணமும் அடித்தேன். முத்திரை மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. உங்கள் நிபுணர் அந்தக் கம்பியைக் கண்டுபிடிக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். நான் ஐந்து நாள் எதிர்பார்த்தேன்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் புதிய அறிக்கையைப் பார்த்ததும் அனெலோர் என்னைக் கட்டிக்கொண்டாள். "அண்ணனோட சனிக்கிழம மிச்சமாச்சு மெனீர்" என்றாள். ஸ்டெயின் வரவே இல்லை. தேறிய வீட்டில் பிடுங்கிப் போட அவனுக்கு என்ன வேலை?

நீங்கள் கேட்பது அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி. மறைக்க நான் நினைக்கவில்லை. அவள் குடிவந்து மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாள். ஒஸ்டெண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெனீர், தொந்தரவுக்கு மன்னிக்கணும். குளிக்கறப்ப குழாயத் தொட்டா கை சுருக்குங்குது. எறும்பு கடிக்கிற மாதிரி. இது எதாவது...? அண்ணன வரச் சொல்லட்டுமா?"

ஹீட்டரை அணைத்துவிடு என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அது எனக்குத் தெரியும். உங்கள் நிபுணரைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அண்ணன் வருவான், சுவரை உடைப்பான், கம்பியைப் பார்ப்பான். கோபே எழுதியது சரி என்றாகிவிடும். பேக்கரி வரிசை இன்னொரு தடவை சிரிக்கும்.

"பழைய வீடுன்னா அப்படித்தாம்மா கொஞ்சம் இருக்கும்" என்றேன். "அண்ணன எதுக்கு அலைய விடற? அறிக்கைதான் கையில இருக்கே."

"அதுவும் சரிதான். நீங்க சொன்னா சரி மெனீர்" என்று வைத்துவிட்டாள். பதினோரு நாள் கழித்து, குளியலறைக் கதவை உடைத்துத் திறந்தவன் ஸ்டெயின்.

ஆகவே, ஆமாம். தெரிந்துதான் மாட்டினேன், தெரிந்துதான் பேசாமல் இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அவள் போனை வைப்பதற்கு முன், "குளிக்கறப்ப ரப்பர் செருப்பு போட்டுக்கம்மா" என்று நான் அக்கறையாகச் சொன்னேன். நானே அந்தக் குளியலறையில் கடைசி நாலு வருடம் அப்படித்தான் குளித்தேன். பெரியவர்கள் சொன்னால் இந்தக் காலத்தில் யார் கேட்கிறார்கள்.