இடாப்பில் கடைசிப் பெயர்

— ஒரு விசயம் பேசத்தான் றிஷாட் சேர், உங்களையும் இஞ்ச கூட்டி வந்தன். செருப்ப வெளியால விட்டுட்டு வாங்க. அதிபர் எண்டாலும் இந்த அஞ்சாம் வகுப்புக்குள்ள நானும் வெறுங்கால்தான். சஹ்லா டீச்சர் யப்பான்ல இருந்து கொண்டு வந்த சட்டம்.

— தெரியும் சேர்.

— அவ மௌத்தாகி, அடக்கி அஞ்சு மாசமா நானும் பொறுத்தன். இண்டைக்கு ஜவுபர்ட உம்மா ஒப்பீசுக்கு வந்து ஒரே சத்தம். மௌத்தான ஆள்ர பேர, காலம வரவு பதியுற இடாப்பில கூப்பிடுறாங்களாம். மகன் பயந்து காய்ச்சலாம். தண்ணி ஓதிக் குடுத்தாவாம்.

— எனக்கும் கேக்கிறது.

— உங்களுக்கு எப்பிடி?

— சுவருக்கு அங்கால என்ட வகுப்பு. மெதுவாச் சொல்ற பதில் கேக்காது, பேர் மட்டும் கேக்கும். முப்பது பேரையும் கூப்பிட்டு, கடைசியா ‘சஹ்லா டீச்சர்’ எண்டுவாங்க. மறுகா ஒரு சத்தமும் இல்ல. பத்து எண்ணுற நேரம் வரும்.

— நீங்க என்ன செய்வீங்க?

— எழுதுற சோக்கக் கீழ வச்சிருவன்.

— யா அல்லாஹ். அவவக் கட்டின மனிசன் நீங்க, ஒரு வார்த்த சொல்லி நிப்பாட்டி இருக்கலாமே.

— ஏலாமப் போச்சு.

— சரி, விடுங்க. பயிற்சிக்கு யப்பானுக்குப் போன மத்த டீச்சர்மார் ரைஸ் குக்கர் கொண்டு வந்தாங்க. இவ இடாப்புக் கூப்பிடுற முறையக் கொண்டு வந்தா. அங்க பேரக் கூப்பிட்டா வந்திருக்கன் எண்டு மட்டும் சொன்னாப் போதாதாம். உடம்பு எப்பிடி எண்டும் சொல்லணுமாம்.

— புள்ளயளே வகுப்பக் கூட்டித் துடைக்கிற முறையையும் கொண்டு வந்தா.

— அத ஞாபகப்படுத்தாதீங்க. ‘என்ட புள்ள என்ன கூட்டுக்காரியா’ எண்டு ஏழு உம்மாமார் வந்து நிண்டாங்க. வல்லாஹி, கேற்றப் பூட்டிட்டு நான் ஒளிச்சன். இடாப்புத்தான் மிஞ்சினது.

— அதுவும் முதல் கிழமை சரி வரல்ல.

— எப்பிடி வரும் சேர்? எங்கட புள்ளயளுக்கிட்ட எதக் கேட்டாலும் அல்ஹம்துலில்லாஹ். காய்ச்சல்ல உடம்பு கொதிக்கும், அல்ஹம்துலில்லாஹ். அசெம்பிளியில மயங்கி விழுந்த புள்ள கண்ண முழிச்சும் அதத்தான் சொல்லிச்சு.

— அதால அவ பதில ரெண்டாக்கினா. முதலாவது அல்ஹம்துலில்லாஹ். ரெண்டாவது, உள்ளத உள்ளபடி.

— நல்ல மூள. ஒரு நாள் இஞ்ச வந்து நிண்டு கேட்டன், அந்த ரெண்டாவதாலதான் நாலு புள்ளக்குக் காலச்சாப்பாடு இல்ல எண்டு எனக்கே தெரிய வந்த. அதுக்காகத்தான் இவ்வளவு நாளும் பொறுத்தன். ஆனா நாளைக்கும் அந்தப் பேர் கேட்டா, முறையையே நிப்பாட்டுவன். பழைய இடாப்புத்தான். சொல்லிப்போட்டன்.

— பஸ்னாவக் கூப்பிடுங்க. அவதான் பேர் வாசிக்கிறவ.

— இஞ்ச வா புள்ள. இடாப்புக் கொப்பியக் கொண்டு வா. சுகமா இரிக்கியா?

— அல்ஹம்துலில்லாஹ் சேர். பல்லு நோகுது.

— பாத்தீங்களா! சரி, கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. சஹ்லா டீச்சர் மௌத்தாகிட்டா எண்டு தெரியும்தானே?

— தெரியும் சேர். நாங்க எல்லாரும் யாசீன் ஓதினம்.

— அப்ப என்னத்துக்குப் பேரக் கூப்பிடுற?

— நோவு எண்டு சொன்ன ஆள, சுகம் எண்டு சொல்ற வரைக்கும் ஒவ்வொரு நாளும் கூப்பிடணும் சேர். டீச்சர் போட்ட சட்டம். டீச்சர்ட பேரும் இடாப்பில கடைசியா இரிக்கு. டீச்சர் இன்னும் சுகம் எண்டு சொல்லல்ல.

— நோவா? றிஷாட் சேர், அவக்கு நோய் வருத்தம் ஏதும் இருந்ததா?

— இல்ல. திடீரெண்டுதான். அந்த வியாழன் காலையில வெளிக்கிடக்குள்ள கேட்டன். நான் நாள் தவறாமக் கேக்கிற. அல்ஹம்துலில்லாஹ் எண்டா. பின்னேரம் மௌத்து.

— டீச்சர் சொன்னது கொப்பியில இரிக்கு சேர். ஆனா வகுப்புக்கு வெளியால வாசிக்கக் கூடா.

— வகுப்புக்குள்ளதானே நிக்கிறம் புள்ள. செருப்பும் கழட்டியாச்சு. வாசி.

— திங்கள். அல்ஹம்துலில்லாஹ், நெஞ்சு நோகுது. செவ்வாய். அல்ஹம்துலில்லாஹ், நெஞ்சும் இடக்கையும். புதன். அல்ஹம்துலில்லாஹ், படி ஏற மூச்சு வாங்குது. வியாழன்...

— போதும் புள்ள. மூடு.

— வாசிக்கட்டும் சேர். வியாழன் என்ன?

— அல்ஹம்துலில்லாஹ், இண்டைக்கு வீட்ட சொல்லிப் பாப்பன்.

— நாலு நாள்.

— ஓம் சேர்.

— முப்பது புள்ளக்குத் தெரியும். எனக்குத் தெரியா. ஏன் ஒரு ஆளும் எனக்கிட்டச் சொல்லல்ல?

— ஒரு ஆள்ர நோவ இன்னொரு ஆள் வெளியால சொல்லக் கூடா சேர். அதுவும் சட்டம்.

— இதுல இருங்க றிஷாட் சேர். தண்ணி கொண்டு வரச் சொல்லட்டா?

— வேணா.

— நான் இத அறியல்ல சேர். வல்லாஹி அறியல்ல. இனி ஜவுபர்ட உம்மாக்கு நான் என்னத்தச் சொல்ற?

— பேர் இனிக் கேக்காது எண்டு சொல்லுங்க. முறைய நிப்பாட்டாதீங்க. பஸ்னா, டீச்சர்ட பேர வெட்டு.

— சுகம் எண்டு சொல்லாம வெட்டலாமா சேர்?

— அவக்கு இனி நோவில்ல. அந்த இடத்தில என்ட பேர எழுது.

— எழுதிட்டன் சேர்.

— இப்பவே கூப்பிடு.

— றிஷாட் சேர்?

— அல்ஹம்துலில்லாஹ்.

— சேர்...

— சரி, முடிஞ்சுது. மணி அடிக்கப் போகுது. எனக்குப் பாடம் இரிக்கு.

— வாசல்லயே கொஞ்சம் நில்லுங்க றிஷாட் சேர். புள்ள என்னமோ சொல்ல வருது.

— என்ன பஸ்னா? கெதியாச் சொல்லு.

— நாங்க டீச்சருக்கிட்டக் கேட்டம் சேர், ஏன் வீட்ட சொல்லல்ல எண்டு. டீச்சர் சிரிச்சா. சேர் ஒவ்வொரு நாளும் கேக்கிறவர்தான், ஆனா நான் அல்ஹம்துலில்லாஹ் எண்ட உடன செருப்ப மாட்டிருவார் எண்டா. இப்பவும் மாட்டிட்டீங்க சேர்.