பதினோராம் பக்கம்

— எந்தப் பக்கத்து ஆளா இருப்பான்னு நினைக்கற?

— நான் உன் சுயசரிதையில பதினொண்ணாம் பக்கத்தப் பத்திக் கேட்டுட்டிருக்கேன் தம்பி. நீ ஜன்னலப் பாத்துட்டிருக்க.

— புத்தகம் எங்கக்கா ஓடிப்போகுது? அந்த ஆள் பன்னெண்டு மணியிலேருந்து எதிர்த்த மருந்துக்கடை வாசல்லயே நிக்கறான். சாப்பிடக்கூடப் போகல. கையில ஒரு துணிப்பை.

— மருந்துக்கடை வாசல்ல நிக்கறவன் மருந்து வாங்க நிப்பான்.

— ரெண்டு மணி நேரமாவா?

— ரெண்டு மணி நேரமா நீ திரைய விலக்கி விலக்கிப் பாக்கறியே, உனக்கு என்ன மருந்து குடுக்கறது? கையக் குடு.

— விடுக்கா.

— குடுன்னா குடு. முப்பத்தாறு வருஷம் வார்டுல நாடி பாத்த விரல் இது, சட்டமன்ற உறுப்பினர்னா பயப்படாது. இரு… நூத்திப் பதினெட்டு. உட்காந்திருக்கும்போதே.

— எனக்கு எப்பவும் கொஞ்சம் வேகமாத்தான் அடிக்கும்.

— அப்படியும் சொல்லலாம்.

— கிண்டலா?

— உன் வார்த்தைதானே. டிவியில எதக் கேட்டாலும் ‘அப்படியும் சொல்லலாம்’. வெளிய மழையா வெயிலான்னு கேட்டாக்கூட உங்கிட்டேயிருந்து அதுதான் வரும்.

— ரெண்டு பக்கமும் கேட்டுட்டுப் பேசறது தப்பா? கடவுள் எனக்கு ரெண்டு காது குடுத்திருக்கான். முதலாளிக்கு ஒண்ணு, தொழிலாளிக்கு ஒண்ணு. மூணு தேர்தல்ல ஜனங்க கை தட்டின பேச்சுக்கா இது.

— மேடையில தட்டுவாங்க. அடுத்த நாள் பத்திரிகையில ‘பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுற விலாங்கு’ன்னு படம் போடுவாங்க. விலாங்குக்கு உன் மூக்குக் கண்ணாடி மாட்டியிருந்தான். நல்லாத்தான் வரைஞ்சிருந்தான்.

— நீ சிரி. மேசைக் கண்ணாடிக்கு அடியில ரெண்டு கடுதாசி இருக்கு, எடுத்துப் படி.

— ‘சட்டத்துக்கு எதிரா கை தூக்கினா கை இருக்காது.’ இன்னொண்ணு?

— எதிரா தூக்கலேன்னா கை இருக்காது. முதலாளி பக்கத்துலேருந்து அது, சங்கத்துப் பக்கத்துலேருந்து இது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

— மத்தளம் இடி வாங்கினா சத்தமாவது போடும். கோவமா?

— இல்ல. பயமா இருக்குக்கா.

— தெரியுது. தாழ்ப்பாளும் போட்டு, நாற்காலியையும் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்க. நான் உள்ள வரவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. சரி, நாலு மணிக்கு வாக்கெடுப்பு. என்ன செய்யப்போற?

— கஷ்டமான விஷயம். வேலை நேரத்துல ஆலை கேட்ட வெளிப்பக்கமா பூட்டிக்கலாம்னு சட்டம். பூட்டலேன்னா சரக்கு திருட்டுப் போகுது, கலவரம்னா வெளியாள் உள்ள புகுந்துடறான். உண்மைதான். பூட்டினா உள்ள இருக்கறவனுக்கு ஆபத்து. அதுவும் உண்மைதான். ஆதரவு முப்பது, எதிர்ப்பு முப்பது. நடுவுல நான்.

— நான் உண்மையக் கேக்கல. உன் கை எங்க இருக்கும்?

— மேசை மேல இருக்கும். தூக்கப்போறதில்ல.

— முப்பதும் முப்பதும் சமமா நின்னா?

— அவைத்தலைவர் ஓட்டு.

— அவரு யாரு ஆளு?

— தெரிஞ்சுதானே கேக்கற?

— அப்போ நீ சும்மா உட்காந்தாலே பூட்டு விழுந்துடும்.

— அப்படியும் சொல்ல…

— சொல்லு. ஏன் நிறுத்திட்ட?

— ஷ்… யாரோ தட்டறாங்க. யாரது?

— நான்தான் சார், டிரைவர். வண்டி தயாரா இருக்கு. மூணு மணிக்குக் கிளம்பினாத்தான் போய்ச் சேரலாம்.

— கீழயே இரு. கூப்பிட்டா வா.

— சார், மருந்துக்கடைகிட்ட நிக்கறவரு உங்களப் பாக்கணுங்கறாரு. பேரு கேட்டா, ‘பேரச் சொன்னா விட மாட்டாரு’ங்கறாரு.

— பையில என்ன?

— கேட்டேன் சார். நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு, காட்ட மாட்டேங்கறாரு.

— மேல விடாத. யாரையும் விடாத. போ… பாத்தியாக்கா? மருந்து வாங்க வந்த ஆளா அவன்?

— உட்காரு. நடந்துட்டே இருந்தா நாடி இறங்காது. நான் இப்ப இதப் படிக்கறேன், நீ கேளு. ‘ஆலையில் தீப்பிடித்த அன்று, வாயிற்காவலரான என் தந்தை ஒரு நொடியும் தயங்காமல் கேட்டைத் திறந்தார். உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் அவருக்கு ஒன்றுதான். நடுவில் நிற்பது எப்படி என்று அன்று அவரிடம் கற்றுக்கொண்டேன்.’

— எழுதினது நான் இல்ல. அதுக்கு ஒரு ஆள் வச்சிருந்தேன்.

— அவன் நம்ம ஆலையில பொறந்தானா? சொன்னது நீ.

— அப்பாவுக்குக் கடைசியிலயாவது நல்ல பேரு வரட்டுமேன்னுதான்.

— அப்பா அன்னிக்கு நூத்திமூணு ஜுரத்துல பாயில கிடந்தாரு. நெத்தியில ஈரத்துணி மாத்திக்கிட்டிருந்தது நான். சாவிய எடுத்துக்கிட்டுக் காவல் கூண்டுல போய் உட்காந்தது யாரு?

— எனக்குப் பன்னெண்டு வயசுக்கா.

— நான் வயசு கேக்கல, தம்பி.

— நான்தான். போதுமா? வேலைநிறுத்தம் பத்தொன்பதாம் நாள். அதையும் மீறி வேலைக்குப் போனவங்க உள்ள, வெளிய இருநூறு பேரு. ‘திறக்காதடா, புகையெல்லாம் நாடகம், சரக்கு லாரிய வெளிய எடுக்கப் பாக்கறானுங்க’ன்னு கத்தறாங்க. மாடியிலேருந்து சூப்பர்வைசர், ‘திறந்தா வெளியில நிக்கறவன் உள்ள பாஞ்சுடுவான், உங்கப்பன் வேலை போயிடும்’ங்கறாரு. ரெண்டு பக்கமும் திறக்காதன்னுதான் சொன்னாங்கக்கா. உள்ளேருந்து கம்பியப் பிடிச்சு உலுக்கினவங்க மட்டும்தான் திறன்னாங்க.

— அவங்க எந்தப் பக்கமும் இல்ல.

— எண்ணெய்க்காரரு கம்பி வழியா கைய வெளிய நீட்டினாரு. மெஷினுக்கு எண்ணெய் போட்டுப் போட்டு நகமெல்லாம் கறுப்பு. ‘பூட்டத் திற ராசா’ன்னாரு. என்ன ராசான்னு கூப்பிட்டது அந்த ஆலையில அவரு ஒருத்தருதான்.

— கை நடுங்கிச்சு, சாவி துவாரத்துல போகலன்னு சொன்னியே.

— சொன்னேன்.

— நான் ஓடி வந்து பிடுங்கினப்போ சாவி உன் உள்ளங்கையில இருந்துச்சு. வேர்வையில வழுக்கிச்சு. சின்னப் பையன், நடுக்கத்துல போட முடியலன்னுதான் நானும் நினைச்சேன்.

— நான் போட்டே பாக்கலக்கா.

— என்ன?

— சாவியப் பூட்டுகிட்டயே கொண்டு போகல. யாராவது ஒருத்தர் கடைசியா முடிவு சொல்லட்டும்னு நின்னேன். இந்தப் பக்கம் பாத்தேன், அந்தப் பக்கம் பாத்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. உலகம் அதுக்கு நடுநிலைன்னு பேரு வச்சிருக்கு. திட்டவாவது திட்டுக்கா.

— நாப்பத்திநாலு வருஷம் நீ நடுங்கினன்னு நினைச்சு உனக்காக அழுதிருக்கேன். இரு, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்… நான் திறந்தேன். முப்பது பேரு இருமிக்கிட்டே வெளிய வந்தாங்க. எண்ணெய்க்காரரு மட்டும் உயிரோட வரல. அப்பா போர்வையப் போத்திக்கிட்டே போலீஸ்கிட்டப் போய், ‘சாவி எங்கிட்ட இருந்துச்சு, நான்தான் தாமதிச்சேன்’னாரு. மூணு வருஷம் உள்ள இருந்தாரு. வெளிய வந்தப்புறம் அந்த எண்ணெய்க்காரர் மகன் விட்டானா? தினமும் நம்ம வீட்டு மேல கல்லு. அம்மா நெத்தியில நாலு தையல், நானே பிரிச்சேன்.

— ஞாபகம் இருக்கு.

— நடுத்தெருவுல அப்பா முகத்துல துப்பினானே, அது?

— அதுவும்.

— அப்பா துடைச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு? நீ கதவுக்குப் பின்னால நின்ன, கேட்டிருப்ப.

— ‘சரியாத்தான் துப்பறான், ஆளுதான் மாறிப்போச்சு.’

— அந்த மனுஷன் ஒரு நொடியும் தயங்காம திறந்தாருன்னு அச்சுல போட்டிருக்க.

— நான் என்ன செய்யட்டும் இப்ப? சபையில எழுந்து, கேட்டப் பூட்டாதீங்கன்னு சொன்னா, உனக்கென்ன தெரியும்னு கேப்பான். தோண்டுவான். நான் உட்காந்தே இருந்தா யாரும் கேக்க மாட்டான்… அக்கா, அவன் அண்ணாந்து பாக்கறான். நேரா இந்த ஜன்னலையே பாக்கறான்.

— நகரு, நான் பாக்கறேன்.

— திரைய விலக்காத! கையக் காட்டாத, உனக்கென்ன பைத்தியமா?

— பாத்தா பாக்கட்டும்.

— இரு… அந்தக் காது. வெளிய விரிஞ்சு நிக்குது பாரு. எண்ணெய்க்காரருக்கு அப்படித்தான் இருக்கும். அக்கா, கட்சிக்காரன் இல்ல இவன். அந்தப் பையன். அவர் மகன்.

— பையன் எங்க? அவருக்கு அம்பத்திநாலு வயசு.

— உனக்கெப்படித் தெரியும்? தெரிஞ்சுபோச்சுக்கா அவனுக்கு. படிச்சிருக்கான், கண்டுபிடிச்சிருக்கான். தெருவக் கடந்து வர்றான். போனக் குடு, போலீசக் கூப்பிடணும். டிரைவர் எங்க போனான்?

— டிரைவர்கிட்ட நான் வரும்போதே சொல்லிட்டேன். நான் ஜன்னல்லேருந்து கை காட்டினா அவர மேல விடணும்னு.

— நீயா?

— கத்தாத. அவருக்கு ஒண்ணும் தெரியாது. பையில இருக்கறது உன் புத்தகம். நேத்து என் வீட்டுக்கு வந்து, பதினொண்ணாம் பக்கத்துல விரல வச்சுக்கிட்டே பேசினாரு. ‘திறந்தவர் முகத்துல துப்பிட்டேனேம்மா’ன்னாரு. அவ்வளவு பெரிய ஆம்பள, என் கூடத்துல உட்காந்து தேம்பித் தேம்பி அழுதாரு. அப்பாதான் உயிரோட இல்ல, மகன் காலயாவது தொட்டு மன்னிப்புக் கேக்கணுமாம்.

— கடவுளே. நீ என்ன சொன்ன?

— ஒண்ணும் சொல்லல. சொல்ல வேண்டியவ நான் இல்ல. நாளைக்கு வாங்க, தம்பியே பேசுவான்னு அனுப்பினேன்.

— படியில கால் சத்தம் கேக்குதுக்கா.

— கேக்குது.

— திருப்பி அனுப்பிடு. இன்னிக்கு வேணாம். வாக்கெடுப்பு முடியட்டும், நானே போய்ப் பாக்கறேன். நிச்சயமா… அக்கா, தட்டறான்.

— நாற்காலிய நான் நகத்திட்டேன். தாழ்ப்பாள நீ எடுக்கறியா, இல்ல இதையும் நான்தான் வந்து திறக்கணுமா?