எறும்புப் புற்றில் ஒரு வண்டு

ஆரணியிலிருந்து களம்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு தாயும் கல்லூரியில் படிக்கும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கோபமாகப் பேசிக்கொண்டு வந்தாள்.

"எறும்புப் புத்துல ஒரு வண்டு பூந்துக்கும்மா. எறும்பு அலைஞ்சி தீனி சேக்கும். வண்டு உக்காந்துகினு எறும்புக் குஞ்சைத் தின்னும்."

"எறும்பு கடிக்காதா?"

"வண்டு மேலயும் எறும்பு வாசனைதான். தன் இனம்னு விட்டுடும். மாமாவும் நம்ம ஊட்ல அப்படித்தான். என் படிப்ப நிறுத்தி, பொண்டாட்டி செத்த அவரு சிநேகிதனுக்குக் கட்டிவெக்கப் பாக்குறாரு. இன்னிக்குக் களம்பூர் கோயில்ல பொண்ணு பாக்கவும் வரச்சொல்லிட்டாரு."

"வாய மூடு. அவன் என் கூடப் பொறந்தவன்."

"அந்த வாசனையத்தாம்மா நானும் சொல்றேன்."

களம்பூர் வந்ததும் எல்லாரும் இறங்கினோம். தாய் மட்டும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"இறங்கலையாம்மா?" என்றார் கண்டக்டர்.

"திரும்ப ஆரணிக்கே ரெண்டு டிக்கெட் குடுங்க. ஊட்ல ஒருத்தன வெளிய அனுப்பணும்."