அடுத்த வாரம் விட்டுடலாம்

காயம்பட்ட நாரையைத் தூக்கும்போது முதலில் அலகைத்தான் பிடிக்க வேண்டும். புதிதாக வருகிற தன்னார்வலர்கள் இரக்கப்பட்டுச் சிறகில் கை வைப்பார்கள். அது கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும். பாவம் பார்த்தவருக்குத்தான் முதல் குத்து. பறவைக் காப்பகத்தில் என்னைப் பற்றி விசாரித்தீர்களானால் இதைத்தான் சொல்வார்கள்: நர்ஸக்கா சொல்லித் தராவிட்டால் எங்களில் பாதிப் பேர் ஒற்றைக் கண்ணோடு திரிந்திருப்போம் என்று.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள். நானும் முறையாகவே சொல்கிறேன்.

நான் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டியிருந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கடைசிவரை குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் என் கையால்தான். அவள் விழுந்தது தானாக நடந்தது. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

அம்மா போன பிறகு கை சும்மா இருந்தது. சும்மா இருக்கும் கை ஒருத்தியை என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. பேருந்து நிறுத்தத்தில் ஒரு சுவரொட்டி பார்த்தேன். ஏரிக் காப்பகத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று இருந்தது. போனேன். மற்றவர்கள் கரையில் குப்பை பொறுக்கினார்கள், தண்ணீரில் படர்ந்த கொடியை அறுத்தார்கள். என் பழைய வேலையைக் கேட்டதும் என்னைச் சிகிச்சைக் கொட்டகையில் விட்டார்கள். தகரக் கூரை, நீள மேசை ஒன்று, தண்ணீர்க் குழாய், சுவரோரம் வரிசையாகக் கூண்டுகள். மீன்பிடி நரம்பில் சிக்கியவை, மின்கம்பியில் அடிபட்டவை, நாய் வாயிலிருந்து பிடுங்கியவை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். எலும்பு எலும்புதான். பறவையினுடையது கொஞ்சம் இலேசு, அவ்வளவுதான்.

பறவை டாக்டர் எப்போதாவது வருவார். சின்ன வயசு, வாய் ஓயாது. "நர்ஸக்கா கை பட்டா செத்ததுகூட எழுந்து உக்காந்து டீ கேக்கும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

முதலில் நான் தேற்றியது ஒரு சாம்பல் நாரை. இடது சிறகு இரண்டாக ஒடிந்திருந்தது. என் கையால் கொடுத்தால்தான் மீன் தின்னும். கொட்டகைக்குள் என் பின்னாலேயே நடக்கும். ஒரு நாள் டாக்டர் சிறகை விரித்துப் பார்த்துவிட்டு, "ஜோரா ஒட்டிக்கிச்சு. அடுத்த வாரம் விட்டுடலாம்க்கா" என்றார்.

விட்டோம். கரையில் எல்லாரும் நின்று கை தட்டினார்கள். அது திரும்பிப் பார்க்கவில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பறவைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சில நாள் கழித்துப் படகுக்காரர் ஒரு சாக்கில் சுற்றி எதையோ கொண்டுவந்தார். சாலையோர முள்வேலியில் மாட்டிச் செத்துக் கிடந்ததாம். சிறகைத் தடவினேன். நான் ஒட்டவைத்த இடத்தில் முடிச்சு போல எலும்பு தட்டுப்பட்டது.

"விடுக்கா. பறக்கறதுன்னா அப்படித்தான்" என்றார் படகுக்காரர்.

அதை நான் வெகுநாள் யோசித்தேன். பறப்பது அப்படித்தான் என்றால் எதற்காகப் பறக்க வேண்டும்? என் கொட்டகையில் வெயில் இல்லை, முள் இல்லை, நேரத்துக்கு மீன் இருந்தது.

அடுத்து ஒரு வெள்ளைக் கொக்கு தேறியது. டாக்டர் அதே வார்த்தையைச் சொன்னார். மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கொக்கை மடியில் வைத்துக் கண்ணைத் துணியால் மூடினேன். கண்ணை மூடினால் அது அமைதியாகிவிடும். பழைய முறிவுக்குச் சற்றுக் கீழே இரண்டு கட்டைவிரலையும் வைத்தேன். பெரிய சத்தமெல்லாம் வராது. உடனே கட்டுப் போட்டுவிட்டேன். அது நல்ல கட்டு, டாக்டரே பாராட்டினார். "கூண்டுல மோதிக்கிச்சு போலக்கா" என்றார். அவர் சொன்னபடி கூண்டுகளின் உள்பக்கம் முழுக்க நானே மெத்தைத் துணி தைத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகும் மோதிக்கொண்டுதான் இருந்தன.

என் தங்கை வந்தது இந்தச் சமயத்தில்தான். நான் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது தாண்டியும் அதுதான் பெயர். அவள் வீட்டுக்காரர் வேறொருத்தியோடு போய்விட்டார். ஒரு கைப்பையோடு என் வாசலில் வந்து நின்றாள். கேட்டதற்குப் பதில் இல்லை. சாப்பாடு இல்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மாடியில் அம்மாவின் அறையை அவளுக்குத் தயார் செய்தேன். தலை சீவிவிட்டேன். "பொடிசு, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சிக் கெஞ்சிக் கஞ்சி ஊட்டினேன். தூங்க மாத்திரை கொடுத்து, தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அவளை வீட்டில் தனியே விட மனம் வராமல் காப்பகத்துக்குக் கூட்டிப்போனேன். அது என் தப்புத்தான். கொட்டகை வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏரி பார்க்க வருவார்கள். ஒரு நாள் ஒரு வாண்டு அவளிடம் போய், "ஆன்ட்டி, அந்தக் கொக்கு ஏன் ஒத்தைக் கால்ல நிக்குது?" என்றது.

"ரெண்டு காலையும் தூக்கினா விழுந்துடுமே" என்றாள்.

பழைய ஜோக்தான். ஆனால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவளும் சிரித்தாள். நான் உள்ளே மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து பிள்ளைகள் வந்தால் அவள்தான் அழைத்துப்போவாள். கண் பார்த்ததைக் கை வரைவதுபோல அப்படியே பேசுவாள். பறவைகளின் பெயரெல்லாம் பாடமாகிவிட்டது. தானே தட்டில் போட்டுச் சாப்பிட்டாள். தலையைத் தானே சீவிக்கொண்டாள். "உங்க தங்கச்சி ஆளே மாறிட்டாங்கக்கா" என்று எல்லாரும் என்னிடமே வந்து சொன்னார்கள், ஏதோ நல்ல சேதி போல.

ஒரு நாள் சாயங்காலம் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"டாக்டருக்குத் தெரிஞ்ச வேறொரு காப்பகம் இருக்காம். பிள்ளைங்களுக்குச் சுத்திக்காட்ட ஆள் கேக்கறாங்க. தங்க இடமும் தராங்க. நான் வரேன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா, சொல்லலாம்னு இருக்கியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"அங்க உனக்கு யாரு மாத்திரை எடுத்துத் தருவா?"

"மாத்திரையா? அதை நிறுத்தி எவ்வளவு நாளாச்சு! நீ தர்றதை வாங்கி வாங்கி ஜன்னல் வழியா போட்டுட்டேன்" என்று சிரித்தாள். "நான் நல்லாத்தான்க்கா இருக்கேன். எல்லாம் உன் புண்ணியம்."

"எப்போ?"

"அடுத்த வாரம்."

நான் குழாயை மூடினேன். கோபப்படவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

ஏரிக்கரையில் ஒரு மரக் கோபுரம் இருக்கிறது, மேலே நின்று பறவை பார்ப்பதற்காக. அப்போது பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. படிகளுக்கு வண்ணம் பூசும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேலே ஒரு படியின் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, பலகையை இருந்தபடியே வைத்தேன். வேறு யாரும் ஏறிவிடாமல் கீழே கயிறு கட்டி, 'ஈர வண்ணம்' என்று அட்டையும் மாட்டினேன். பிள்ளைகள் வராத நாளாகப் பார்த்தேன். நான் பொறுப்பில்லாதவள் இல்லை.

"போறதுக்கு முன்னாடி மேல நின்னு ஒரு தடவை பாத்துட்டு வா. வண்ணமெல்லாம் காஞ்சிடுச்சு" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். ஏறினாள். பாதியில் நின்று, "நீயும் வாயேன்க்கா" என்றாள். முட்டி வலிக்கிறது என்றேன்.

விழுந்ததும் முதலில் ஓடியது நான்தான். தொடை எலும்பு. காலை அசைக்கவிடாமல் பலகை வைத்துக் கட்டினேன். முதலுதவி அவ்வளவு சரியாக இருந்ததால்தான் கால் பிழைத்தது என்று எலும்பு டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் எழுதியே வைத்திருப்பார்கள்.

மறுபடியும் அம்மாவின் அறை. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி உண்டு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மாத்திரை கீழே விழ இடமில்லாதபடி அதற்கு வலை அடித்தேன். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் இருக்கிறதே என்று நேற்று கேட்டீர்கள். அது அம்மா காலத்தில் போட்டது. அவளுடைய போனை நான் வைத்துக்கொண்டேன். விசாரித்தவர்களுக்கெல்லாம், பேசினால் களைத்துப்போகிறாள் என்று நானே பதில் சொன்னேன். காப்பகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எனக்கு இங்கேயே வேலை சரியாக இருந்தது.

எலும்பு கூடியது. அவளுக்கு நல்ல உடம்பு. ஆனால் எழுந்து நில் என்றால், "முடியலக்கா, வலிக்குது" என்பாள். நானும் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் காலை சமையலறையில் நிற்கும்போது தலைக்கு மேலே சத்தம் கேட்டது. மெதுவாக ஒரு காலடி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நடை. வார்டில் எத்தனை பேரை அப்படி நடக்க வைத்திருக்கிறேன். மாடி ஏறிக் கதவைத் திறந்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். மூச்சு மட்டும் வாங்கியது.

"நடந்தியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்றியே, பொடிசு."

அவள் அழுதாள். "அக்கா, எனக்கு எதுவும் வேண்டாம். கதவை மட்டும் திறந்து வைக்கா" என்றாள்.

என்னிடம் மறைத்தாளே என்பதுதான் எனக்கு வருத்தம். கண்ணை இமை காக்கிற மாதிரி காத்தவளிடம் மறைப்பதா? அன்று பாலில் மாத்திரையைக் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்தேன். குடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். நன்றாகத் தூங்கிய பிறகு கண்ணை ஒரு துணியால் மூடினேன். இரண்டாவது தடவைக்குப் படிக்கட்டு தேவைப்படவில்லை. மனித எலும்புக்குக் கட்டைவிரல் போதாது, அதற்கு வேறு வழி இருக்கிறது. அந்த விவரம் எலும்பு டாக்டரிடம் கேட்டால் உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வார். கட்டு நான்தான் போட்டேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. ஊட்டினால் வாயைத் திறப்பாள். ஆரம்பத்தில் வந்தபோது இருந்தாளே, அந்த மாதிரி ஆகிவிட்டாள்.

பறவை டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வாசலில் நிறுத்திப் பேசி அனுப்பலாம் என்று பார்த்தேன். பேசிக்கொண்டே மாடி ஏறிவிட்டார். அந்த வேலை இன்னும் அவளுக்காகக் காத்திருக்கிறது என்றார். டீ கொடுத்தேன். காப்பகத்துக் கதையெல்லாம் சொன்னார்.

"கொட்டகை காலியாயிடுச்சுக்கா. எல்லாத்தையும் விட்டாச்சு. நீங்க வராததுலருந்து ஒண்ணுகூடத் திரும்பக் கூண்டுல மோதி..."

டீயைப் பார்த்தார். அப்புறம் தங்கையின் காலில் இருந்த புதுக் கட்டைப் பார்த்தார்.

"இது எப்போ?"

"கட்டில்லருந்து விழுந்துட்டா."

"கட்டில்லதான் கம்பி இருக்கே" என்றார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலையணையைச் சரி செய்யலாம் என்று நான் குனிந்தேன். அவள் மூச்சை நிறுத்தி, உடம்பை ஒடுக்கிக்கொண்டு, அசையாமல் கிடந்தாள். கூண்டுக்குள் நான் கை விடும்போது பறவைகள் அப்படித்தான் இருக்கும். டாக்டர் அதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். இவ்வளவு நாளும் அதை நம்பிக்கை என்றுதான் அவரும் நினைத்திருந்தார், நானும் நினைத்திருந்தேன்.

அவர் எழுந்து எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். உங்கள் ஆட்கள் வரும்வரை நகரவில்லை. டீ ஆறிப்போயிற்று.

எழுதிக்கொள்ளுங்கள். கொக்குகள், நாரைகள், ஓர் ஆந்தை, எல்லாம் நான்தான். கோபுரப் படி நான்தான். இரண்டாவது முறிவும் நான்தான். எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தண்டனையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவளை யார் பார்த்துக்கொள்வது என்பதை யாராவது யோசிக்க வேண்டும்.

ஏனென்றால் இன்று காலை அவள் என்னை அடையாளம் காட்டுவதற்காக, அவளைச் சேர்த்திருக்கிற வார்டு வாசல்வரை கூட்டிப்போனீர்கள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பார்த்ததும் கட்டிலிலிருந்து கீழே விழுந்து, அந்தக் காலை இழுத்துக்கொண்டே தரையில் தவழ்ந்து, எதிர்ச் சுவர் மூலையில் போய் ஒட்டிக்கொண்டாள். நர்ஸுகள் அதற்குப் பிறகுதான் ஓடிவந்தார்கள். நீங்கள் அதைப் பயம் என்றீர்கள். நீங்கள் சொன்னால் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒடிந்த காலோடு ஒருத்தியை அப்படி இறங்க விட்டிருக்கிறார்கள். அங்கே அவளைக் கவனிக்க ஆளே இல்லை.